நீக்கினியா, துடைச்சியா?

என் கணவரின் அண்ணன் மனைவி எனக்கு என்ன முறை என்று கேட்டால், ஓரகத்தி என்று ஒரு சொல் இருக்கிறது. சொல்லுக்குள்ளேயே கத்தி இருப்பதைக் கவனியுங்கள். ஓர் உறையில் இரண்டு கத்தி இருக்காது என்று சொன்னவர் எங்கள் வீட்டை ஒரு நடை வந்து பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருக்க வேண்டும். அவர் மாடியில், நான் கீழே. மூன்று மாதமாகப் பேச்சு வார்த்தை இல்லை. தண்ணீர் மோட்டாரை நிறுத்தச் சொல்வதுகூட இரண்டு ஆண்கள் வழியாகத்தான் போய் வரும். "அண்ணி மோட்டாரை நிறுத்தச் சொன்னாங்க" என்று என் கணவர் வந்து சொல்வதற்குள் தொட்டி வழிந்து படிக்கட்டில் தண்ணீர் இறங்கிவிடும்.

சண்டைக்குக் காரணம் நான்தான். இதை இப்போது சொல்ல முடிகிறது. அப்போது கழுத்தில் கத்தி வைத்தாலும் சொல்லியிருக்கமாட்டேன். அக்கா (ஓரகத்தியை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) எங்கள் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்களை ஒன்பது வருடம் பார்த்துக்கொண்டவர். அவர் ஒரு பஸ் கம்பெனிக்கு மாறிப் போனதும் அந்த நாற்காலிக்கு நான் வந்தேன். பரீட்சை எழுதி, மூன்று பேர் முன்னால் உட்கார்ந்து பதில் சொல்லித்தான் வந்தேன். ஆனாலும் 'வீட்டு ஆளு' என்று காதுபடவே பேசினார்கள். அந்த எரிச்சலில் ஒரு மீட்டிங்கில், "முன்னாடி இருந்தவங்க வெச்சிட்டுப் போன குப்பையைக் கூட்டவே எனக்கு ஒரு வருஷம் ஆகும்" என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் கொஞ்சம் குளுகுளுவென்றுதான் இருந்தது. அந்தப் பேச்சு மாடி ஏறிப் போக ஒரு நாள்கூட ஆகவில்லை.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

எங்கள் கம்ப்யூட்டர்கள் எல்லாம் லினக்ஸில் ஓடுகிறவை. லினக்ஸில் ரூட் என்று ஒரு முதலாளிக் கணக்கு உண்டு. முக்கியமான எதையும் அந்த முதலாளிதான் தொடலாம். எங்களைப் போன்ற நிர்வாகிகள் ஏதாவது செய்ய வேண்டுமானால், வாசலில் ஒரு காவலாளி மாதிரி ஒரு கருவி இருக்கும். அதனிடம் நம் பாஸ்வேர்டைச் சொன்னால், ஆளைப் பார்த்துவிட்டு, அந்த ஒரு வேலைக்கு மட்டும் முதலாளியின் அதிகாரத்தைக் கொடுக்கும். பழைய காவலாளிக்கு வயதாகிவிட்டது, எல்லாக் கம்ப்யூட்டரிலும் புதியவரை வையுங்கள் என்று பாதுகாப்புச் சோதனைக்கு வந்தவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்த வாரத்துக்குள் முடிக்க வேண்டும்.

பதினான்கு கம்ப்யூட்டரில் இது எனக்குத் தண்ணி பட்ட பாடு. புதியதை உள்ளே வரச் சொன்னால் பழையது தானாக வெளியே போகும். ஒரே கமாண்ட். பதினைந்தாவது மட்டும் பாக்கி இருந்தது. அது பால் அறையில் இருக்கிற கம்ப்யூட்டர்.

பால் அறை என்பது எங்கள் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் ஒரு சிறிய அறை. குறை மாதத்தில் பிறந்து, தாயிடம் பால் ஊறாத குழந்தைகளுக்காக, பால் மிகுந்த மற்றத் தாய்மார்கள் கொடுத்துவிட்டுப் போகிற பால் அங்கே வரும். அதை ஒரு பெரிய ஸ்டீல் தொட்டி மிஷினில் வைத்து அரை மணி நேரம் ஒரே சூட்டில் காய்ச்சிக் குளிர வைத்து, மூன்றாவது மாடி வார்டுக்கு அனுப்புவார்கள். அந்த அறையை நடத்துகிற டெக்னீஷியனுக்குப் பால்காரம்மா என்று பேர். யாரும் வைத்த பட்டம் இல்லை, அவரே வைத்துக்கொண்டது. போனை எடுத்தாலே "பால்காரம்மா பேசுறேன்" என்பார். பெரிய டாக்டர் கூப்பிட்டாலும் அதுதான்.

நான் போனபோது மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே முப்பத்தாறு புட்டிகள்.

"முடியட்டுமே. இன்னும் முக்கா மணி நேரம்தான்" என்றார் பால்காரம்மா. "ஃப்ரீசர்ல ஒரு சொட்டு இல்ல. மேல ஒம்பது பிள்ளைங்க இருக்கு. ரெண்டு மணிக்கு இதுதான் போகணும்."

"ரெண்டு நிமிஷ வேலைங்க. உங்க மிஷின் பக்கமே நான் வரல."

சுவரில் ஒட்டியிருந்த விதித் தாளைக் காட்டினார். சூட்டை நிமிடத்துக்கு ஒரு தடவை கம்ப்யூட்டர் பதிவு செய்யும். பதிவில் ஐந்து நிமிடத்துக்கு மேல் இடைவெளி விழுந்தால், பால் சரியாகக் காய்ந்ததா இல்லையா என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. அத்தனையையும் சிங்க்கில் ஊற்றிவிட வேண்டும். கையில் வேறு தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டு எழுதினால் செல்லாது.

"தெரியும்ங்க" என்று சொல்லிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

கமாண்டைக் கொடுத்தேன். மறுத்தது. 'பால்-அறை' என்ற பேக்கேஜ் புதிய கருவியோடு ஒத்துப்போகாது, முரண்படுகிறது, ஆகவே நிறுவ முடியாது என்று வந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே சீட்டு ஒட்டிய பொட்டலம்தான் பேக்கேஜ். யார் கட்டிய பொட்டலம் என்று பார்த்தேன். அக்கா பேர் இருந்தது.

ஆளே போன பிறகும் வாசலில் காலை நீட்டிப் படுத்திருக்கிறாரே என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் புது ஆளோடு இவர் பொட்டலத்துக்கு என்ன சண்டை? பொட்டலத்தோடு ஒரு விளக்கம் எழுதியிருக்கும். ஒரு வரி அடித்தால் படிக்கலாம். எங்கள் தொழிலில் அதை யாரும் படிக்கமாட்டார்கள். நானும் படிக்கவில்லை. இதையும் பழைய காவலாளியையும் ஒன்றாகத் தூக்கிவிட்டு அப்புறம் புதியதை வைப்போம் என்று முடிவு செய்தேன்.

பழைய கருவி அப்போதும் ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தது. 'இந்தக் கம்ப்யூட்டரில் ரூட் கணக்குக்குப் பாஸ்வேர்டே வைக்கவில்லை. என்னை அனுப்பிவிட்டால் நீங்கள் மறுபடி உள்ளே வர முடியாமல் போகலாம். போகமாட்டேன்' என்றது. எங்கேயோ உட்கார்ந்து யாரோ ஒரு முகம் தெரியாத மனிதர், எனக்காகவே யோசித்து எழுதி வைத்த வரி அது. அவருக்கு என்ன தெரியும் என்று, வம்படியாக நீக்கு என்பதற்கான சொல்லைச் சேர்த்து அடித்தேன். இரண்டும் போயின. அடுத்த கமாண்டாகப் புதியதை வரச் சொன்னேன்.

யார் நீ என்று கேட்டது கம்ப்யூட்டர்.

நியாயமான கேள்வி. புதியவரை உள்ளே விட முதலாளியின் அதிகாரம் வேண்டும். அதைத் தருகிற காவலாளியை நானே அரை நிமிடத்துக்கு முன் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். முதலாளி பேரில் நேராகப் போகலாம் என்றால் அவருக்குப் பாஸ்வேர்ட் இல்லை. உட்கார்ந்திருந்த கிளையை வெட்டியவன் கதையை எத்தனை பேருக்குச் சொல்லிச் சிரித்திருப்பேன். மூன்று தடவை வேறு வேறு விதமாக அடித்துப் பார்த்தேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் பின்வாசல் ஒன்று உண்டு. அணைத்தால் பதிவு போய்விடும்.

சரி, முக்கால் மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்போம், மிஷின் முடியட்டும், யாருக்கும் தெரியாமல் சரி செய்துவிடலாம் என்று முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டேன். எல்லாம் பொறுத்த என் கெட்ட நேரம் அதைப் பொறுக்கவில்லை.

"ரீடர் நின்னுடுச்சு" என்றார் பால்காரம்மா.

மிஷினின் சூட்டைப் படிக்கிற ரீடர் அடிக்கடி அப்படி நிற்கும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். அவர் பதறவில்லை. திரையில் 'மறுபடி படி' என்றிருந்த பட்டனை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினார்.

"இது எப்பவும் உடனே எழுந்துக்குமே."

"அந்தப் பட்டனை யாரு வெச்சா?" என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது.

"உங்க அக்காதான். முன்னெல்லாம் ரீடர் நின்னா உங்க ஆபீசுக்குப் போன் போட்டு, ஆள் வர்றதுக்குள்ள நேரம் போயிடும். இந்த ஒரு பட்டனுக்கு மட்டும் எனக்கு அதிகாரம் கொடுத்துட்டுப் போனாங்க."

அதுதான் அந்தப் பொட்டலம். நான் தூக்கியெறிந்த பொட்டலம். சொன்னேன். மென்று விழுங்காமல் சொன்னேன், அந்த மட்டும் எனக்கு நல்ல புத்தி வந்தது. பால்காரம்மா என்னைத் திட்டவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சிங்க்கைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

என் போனில் அக்கா நம்பர் 'மாடி' என்ற பேரில் இருந்தது. இரண்டாவது மணியில் எடுத்துவிட்டார்.

"சொல்லு."

"அக்கா, பால் அறையில..."

"ரீடர் நின்னுடுச்சா? பட்டனை அமுக்கச் சொல்லு."

"பட்டன் வேலை செய்யாதுக்கா. உங்க பேக்கேஜை எடுத்துட்டேன். பழைய கருவியையும் எடுத்துட்டேன். புதுசு உள்ள வரல. இப்ப எங்கிட்ட ஒரு அதிகாரமும் இல்ல."

அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் குப்பை, துடைப்பம், ஒரு வருஷம் எல்லாவற்றையும் வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

"எத்தனை நிமிஷம் ஆச்சு?"

"ரெண்டு" என்று பால்காரம்மா எட்டி வந்து போனுக்குள் சொன்னார்.

"நீக்கினியா, துடைச்சியா?"

ஒரு பேக்கேஜை எடுக்க இரண்டு வழி உண்டு. நீக்கினால் சாமான் மட்டும் போகும். அதற்காக எழுதி வைத்த ஏற்பாடுகள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். துடைத்தால் சுவடே இருக்காது. நான் எப்போதும் துடைக்கிற கட்சி. எதை எடுத்தாலும் அடியோடு எடுத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். அன்று எதை அடித்தேன்? கோபத்தில் அடித்தது எப்படி நினைவிருக்கும்? திரையை மேலே தள்ளிக்கொண்டே போனேன். தப்புத் தப்பாக அடித்த என் மூன்று கமாண்டுகளும், அதற்குக் கிடைத்த பதில்களும் ஓடின. அதற்கு மேல் அந்த வரி இருந்தது.

"நீக்கினேன். அக்கா, நீக்கித்தான் இருக்கேன்."

"அப்பாடா" என்றார். "மிஷினுக்குப் பின்னாடி, கீழ, ஒரு நீல ஒயர் இருக்கும். தெர்மாமீட்டர்ல இருந்து கம்ப்யூட்டருக்கு வர்றது. அதைப் புடுங்கு. பத்து எண்ணு. மறுபடி சொருகு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ஒயரைச் சொருகினா ரீடரை எழுப்புன்னு கம்ப்யூட்டருக்கு ஒரு விதி எழுதி வெச்சிருக்கேன். நீ துடைக்கலேன்னா அது அங்கேயேதான் இருக்கு. அதுக்கு உன் அதிகாரம் வேணாம், என் அதிகாரமும் வேணாம். போ."

ஆஸ்பத்திரியில் யார் கூப்பிட்டாலும் "ஒரு தடவை புடுங்கிட்டுப் போட்டுப் பாருங்க" என்று நாற்காலியை விட்டு எழாமல் சொல்கிற ஆள் நான். அதே மருந்தை எனக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். மிஷினுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் இடம்தான். பக்கவாட்டில் படுத்து, தோளை நுழைத்து, சூடான தகட்டில் காது உரச நீல ஒயரைத் தேடிப் பிடித்தேன். பிடுங்கினேன். பால்காரம்மா போனை என் பக்கமாக நீட்டிக்கொண்டு நின்றார். அக்கா போனில் எண்ணினார். ஒன்று, இரண்டு என்று நிதானமாக எண்ணினார். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் நான் என்னென்ன வேண்டிக்கொண்டேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. பத்து என்றதும் சொருகினேன்.

அங்கிருந்து எனக்குத் திரை தெரியாது. பால்காரம்மாவின் செருப்பு மட்டும்தான் தெரிந்தது. செருப்பு கம்ப்யூட்டர் பக்கம் போனது, நின்றது.

"வந்துடுச்சு" என்றார். "அறுபத்திரெண்டரை டிகிரி. வந்துடுச்சும்மா."

பதிவில் இடைவெளி நாலு நிமிடம் இருபது விநாடி என்று விழுந்திருந்தது. நான் அந்த இடுக்கிலேயே படுத்தபடி அழுதுவிட்டேன். வெளியே வர மனசில்லாமல் இல்லை, தோள் சிக்கிக்கொண்டது.

காய்ச்சி முடித்து, பால் குளிர்ந்து, பதிவை அச்செடுத்த பிறகுதான் கம்ப்யூட்டரைத் தொட்டோம். தொட்டோம் என்றால் அக்காவும் நானும். அரை நாள் லீவு சொல்லிவிட்டு, பஸ் கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் தொங்க வந்து நின்றார். அவர் வருவதற்குள் நான் அந்தப் பொட்டலத்தின் விளக்கத்தைப் படித்திருந்தேன். பொட்டலம் போனாலும் விளக்கம் மிச்சமிருந்தது; அதைப் படிக்க எந்த அதிகாரமும் தேவையில்லை, வெட்கம் மட்டும் போதும். வேலையை விட்டுப் போகும்முன் அவர் எழுதிச் சேர்த்திருந்தது இதுதான்:

'பால் அறைப் பட்டனுக்கு எழுதிய விதி புதிய கருவிக்குப் புரியாது. மாற்றினால் பட்டன் சத்தமில்லாமல் செத்துவிடும், ரீடர் நிற்கிற வரை யாருக்கும் தெரியாது. அதனால்தான் ஒத்துப்போகாது என்று எழுதியிருக்கிறேன். மாற்றத்தான் வேண்டும். மாற்றுவதற்கு முன்னால் கூப்பிடவும். சேர்ந்து மாற்றுவோம்.'

நான் சண்டை என்று நினைத்தேன்; அவர் கதவில் கையை வைத்து, ஒரு நிமிஷம் நில்லு என்றுதான் சொல்லியிருக்கிறார். எத்தனை முரண்களை நான் இந்த மாதிரி படிக்காமலே தாண்டியிருக்கிறேனோ.

கம்ப்யூட்டரை அணைத்துப் பின்வாசல் வழியாக உள்ளே போனோம். முதல் வேலையாக ரூட்டுக்குப் பாஸ்வேர்ட் வைத்தோம். புதிய கருவியை வரவழைத்து, பட்டனுக்கான விதியை அதற்குப் புரிகிற மாதிரி எழுதினோம். அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். ஒரு இடத்தில் நான் வேறு விதமாக எழுதலாமே என்றேன். யோசித்துவிட்டு, "ஆமா, அதுதான் நல்லா இருக்கு" என்றார். பட்டனை அழுத்திப் பார்த்தோம். ரீடர் எழுந்தது. மறுபடி நிறுத்தி, மறுபடி அழுத்தினோம். பால்காரம்மா வந்து தானும் ஒரு தடவை அழுத்திப் பார்த்துக்கொண்டார்.

பால்காரம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

"அதெல்லாம் வேணாம். பால் வண்டியைத் தள்ளு" என்றார்.

தள்ளினேன். முப்பத்தாறு புட்டிகள் சின்னச் சின்னதாக, ஒவ்வொன்றிலும் ஒரு எண் மட்டும். மூன்றாவது மாடி வார்டுக் கதவுக்கு வெளியே ஒரு மனிதர் நின்றுகொண்டிருந்தார். நாலைந்து நாள் அதே சட்டையில் இருப்பவர் மாதிரி இருந்தது. புட்டிகளை உள்ளே கொடுத்துவிட்டு, கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஒரு நர்ஸ் ஊசி மாட்டாத சிரிஞ்சில் இரண்டு மில்லி பாலை எடுத்து, நூல் மாதிரி ஒரு குழாயில் சொட்டுச் சொட்டாக இறக்கினார். குழந்தை என் முழங்கை நீளம்கூட இல்லை. இரண்டு மில்லி என்றால் ஒரு சின்ன ஸ்பூனில் பாதிகூட வராது. அது இறங்கி முடிக்கும்வரை அந்த மனிதர் கண்ணாடியை விட்டு நகரவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, காலி வண்டியைப் பார்த்து, "ரொம்ப நன்றிம்மா. ரொம்ப ரொம்ப நன்றி" என்றார்.

எனக்கு இல்லீங்க என்று சொல்ல நினைத்தேன். அப்புறம் யாருக்கு என்று கேட்பார். தலையை ஆட்டிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

கீழே வண்டி நிறுத்துமிடத்தில் அக்கா ஹெல்மெட்டோடு நின்றிருந்தார். போய் முன்னால் நின்றேன்.

"மேல ஒருத்தர் எனக்கு நன்றி சொன்னாரு. அது எனக்கு வந்தது இல்லக்கா, உங்களுக்கு வந்தது. நான் கையில வாங்கிட்டு வந்திருக்கேன். அப்புறம் அந்த மீட்டிங்ல நான் பேசினது தப்பு. நீங்க வெச்சது குப்பை இல்ல. இன்னிக்கு நீங்க போனை எடுத்தீங்க, அதுக்கும் சேர்த்து நன்றி."

அக்கா ஹெல்மெட்டின் பட்டையைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"எந்த இடத்துல நின்னாரு? கண்ணாடிக் கதவுக்கு வலது பக்கமா?"

"ஆமா."

"நானும் அங்கதான் நின்னேன். இருபத்தோரு நாள்" என்றார். "என் பொண்ணு பொறந்தப்ப ஒன்றரைக் கிலோகூட இல்ல. எனக்குப் பால் ஊறல. தினமும் வண்டி வரும். புட்டியில நம்பர்தான் இருக்கும். யார் கொடுத்ததுன்னு சொல்லுங்க, காலைத் தொட்டுட்டு வந்துடறேன்னு பால்காரம்மாகிட்ட கெஞ்சினேன். பேர் சொல்லக் கூடாது, ரூல்னுட்டாங்க. ஒரு நாள் வண்டி வரல. ரீடர் நின்னு, நம்ம ஆபீஸ்ல இருந்து ஆள் வர லேட்டாகி, எல்லாத்தையும் ஊத்திட்டாங்களாம். நம்ம ஆபீஸ், பார்த்துக்கோ. லீவு முடிஞ்சு வந்த அன்னிக்கு முதல் வேலையா அந்தப் பேக்கேஜை எழுதினேன். யாருக்குன்னு தெரியாத நன்றியை வேற எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

நான் கல்யாணமாகி வந்தபோது அந்தப் பெண்ணுக்கு நாலு வயது. குறை மாதத்தில் பிறந்தவள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், நான் காதில் வாங்கிக்கொண்டதில்லை. இப்போது ஏழு. சாயங்காலம் ஐந்தரைக்கு ஆரம்பித்தால் ஏழு வரை மாடியில் கயிறு தாண்டுவாள். என் சமையலறை மேடையில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். அன்றும் சரியாக ஐந்தரைக்கு ஆரம்பித்தாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குக் கீழேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கேட்டேன். முப்பது எண்ணியதும் தடுக்கி விழுந்தாள். எழுந்து மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள்.